சொந்தப் பாட்டை விற்கும்போது எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது?

குன்னூர் கீபோர்டு:

எல்லாருக்கும் வணக்கம். சீசனில் குன்னூர், கோத்தகிரி பக்கம் ரிசார்ட் புல்வெளிகளில் லைட் மியூசிக் வாசிக்கிற சின்னக் குழு எங்களுடையது. கீபோர்டு, ரிதம் பேட், கிட்டார், பாடுவதற்கு இரண்டு பேர். விருந்தினர்கள் கேட்பது ஹிட் பாட்டுதான். நாங்களும் அதை மனசு வைத்துத்தான் வாசிக்கிறோம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கேள்வி வேறு.

போன மழைக்காலத்தில் புக்கிங் இல்லாதபோது சொந்தமாக ஒரு பாட்டு கட்டினோம். சின்னத் தேயிலைத் தோட்டக்காரர் பச்சை இலையை எடை போடக் கொண்டுவருவதைப் பற்றிய பாட்டு. எங்கள் பாடகியின் வீட்டில் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. தராசில் ஏறுகிற எடையில் சாக்குக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் சீட்டு எழுதுவார்கள். மழை நாளில் ஈரக் கழிவு இன்னும் கூடும். அவர் சின்ன வயதிலிருந்து அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அதனால் பல்லவியே அதுதான்: “சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு?”

முதல் 40 விநாடிக்குத் தாள வாத்தியமே கிடையாது. இலை வெட்டுகிற கத்தரியின் சத்தம் மட்டும். தோட்டத்தில் போய் நின்று பதிவு செய்தோம். இரண்டு அலகும் சேரும்போது ஒரு ‘சரக்’, வெட்டின இலை கத்தரியோடு சேர்ந்த பையில் விழும்போது ஒரு மெத்தென்ற சத்தம், அப்புறம் அடுத்த வெட்டுக்குக் கை நகர்கிற இடைவெளி. அந்த இடைவெளியை வைத்துத்தான் பாட்டின் வேகத்தையே முடிவு செய்தோம்.

இணையத்தில் ஏற்றினோம். சென்னையிலிருந்து ஒரு ஆடியோ கம்பெனி கூப்பிட்டது. மெட்டு பிடித்திருக்கிறதாம். ஆனால் கத்தரிச் சத்தம் வேண்டாம், ஐந்து விநாடிக்குள் குரல் வந்துவிட வேண்டும், குத்து பீட் போட வேண்டும். சாக்கு, ஈரம் எல்லாம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, அந்த இடத்தில் ஊட்டிக் குளிரும் காதலும் வரட்டும் என்கிறார்கள். ஒரே தொகையாக 60 ஆயிரம். எல்லா உரிமையும் நிரந்தரமாக அவர்களுக்கு.

குழுவில் இரண்டு பேர் சரி என்கிறார்கள், இரண்டு பேர் முடியாது என்கிறார்கள். நான் நடுவில் நிற்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களும் பாட்டு கேட்பவர்களும் என்ன நினைக்கிறீர்கள்?

சவுண்டு செட், ஊட்டி:

தம்பி, வாங்கிக்கோ. யோசிக்காதே.

நான் ஸ்பீக்கர், மிக்ஸர், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன். இந்த மலையில் பாடுகிறவர்கள் எத்தனை பேர் பாத்திரத்தை அடகு வைத்து கீபோர்டு வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். ஏப்ரல், மே விட்டால் செப்டம்பர், அக்டோபர். அதுக்கு நடுவில் கல்யாணம், கோயில் திருவிழா. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வைக்கக்கூடாது என்று சட்டம், அதனால் ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சிக்கு மேல் ஓடாது. 2024 மே மாதம் மலைக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் எல்லை வைத்தது. மலைக்கு அது நல்லதாகவே இருக்கட்டும், நான் வழக்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் ரிசார்ட்காரர் செலவைக் குறைக்க ஆரம்பித்தால் முதலில் நிறுத்துவது பாட்டுக்காரனைத்தான்.

60 ஆயிரத்தில் நீ ஒரு நல்ல மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம். அடுத்த பத்து பாட்டை யாரையும் கேட்காமல் நீயே பதிவு செய்யலாம். ஒரு பாட்டைக் கொடுத்துப் பத்துப் பாட்டைக் காப்பாற்றுவது தப்பா? கத்தரிச் சத்தத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டு அடுத்த வருஷம் கீபோர்டையே விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பசியில் இருக்கிறவனிடம் கலையின் தூய்மை பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

ரெண்டாவது கிட்டார்:

அண்ணே, பணம் வாங்குவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் இவர்கள் கேட்பதைப் பாருங்கள். கத்தரி போகணும், பல்லவி போகணும், வேகம் மாறணும். அப்புறம் அவர்களுக்குப் பிடித்த பாட்டு எது? மிச்சம் இருப்பது ஒரு மெட்டின் எலும்பு மட்டும்தானே.

ஐந்து விநாடிக்குள் குரல் என்பது இசை ரசனையிலிருந்து வருகிற நிபந்தனை இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களில் 30 விநாடி ஓடினால்தான் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. அதற்கு முன்னால் கேட்பவர் தள்ளிவிட்டால் காசு இல்லை. அதனால் முன்னிசை சுருங்குகிறது, பல்லவி முன்னாடி ஓடி வருகிறது. ரீல்ஸுக்கு வெட்டி எடுக்க வசதியாக ஒரு வரி மட்டும் கத்துகிறது. கணக்கு வழக்குக்காகச் செய்வதை “ஜனங்க ரசனை” என்று சொல்லி நம் தலையில் கட்டுகிறார்கள். ஜனங்களை யார் கேட்டது? நம் ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் முன்னிசைக்காகவே பாட்டு கேட்டவர்கள். டீக்கடையில் முன்னிசையை வைத்தே பாட்டைக் கண்டுபிடிப்பார்கள்.

இன்னொன்று. ஸ்டீவ் ஆல்பினி என்ற ஒலிப்பதிவுக்காரர் அமெரிக்காவில் இருந்தார், 2024-இல் இறந்தார். 1993-இல் நிர்வாணா என்ற ராக் குழுவின் மூன்றாவது ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதற்கு முந்தின ஆல்பம் உலகம் முழுக்க ஓடியிருந்தது, ராயல்டி வாங்கினால் கோடிக்கணக்கில் வரும். அவர் வேண்டாம் என்றார். குழாய் ரிப்பேர் செய்கிறவருக்குக் கூலி கொடுப்பது மாதிரி எனக்குக் கொடுங்கள், பாட்டு உங்களுடையது, அதில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். 1 லட்சம் டாலர் ஒரே தொகையாக வாங்கிக்கொண்டார். பதிவான சத்தம் கம்பெனிக்குப் பிடிக்கவில்லை, பெரிய இழுபறி நடந்தது, ஒன்றிரண்டு பாட்டை வேறொருவரை வைத்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள். அப்படியும் அந்த ஆல்பத்தின் முரட்டுச் சத்தம் பெரும்பாலும் அப்படியே வெளிவந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் இன்றைக்கும் அதைக் கேட்கிறார்கள்.

கத்தரியை விடாதீங்க.

சவுண்டு செட், ஊட்டி:

ஏற்கெனவே உலகம் முழுக்க ஓடின குழு கம்பெனியோடு இழுபறி செய்யலாம் தம்பி. இவர்களுக்கு அந்தப் பலம் ஏது?

ரெண்டாவது கிட்டார்:

அது நியாயமான கேள்வி. ஆனால் ஆல்பினியை நான் சொன்னது அவருடைய பிடிவாதத்துக்காக இல்லை. பாட்டைக் கட்டினவர்களுக்குத்தான் பாட்டு சொந்தம் என்று அவர் நினைத்தார், அதனால் தனக்கு வரவேண்டிய கோடிகளையே விட்டார். இங்கே கம்பெனி ஒரு தடவை 60 ஆயிரம் கொடுத்துவிட்டு நிரந்தரமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. நேர் எதிர்.

மேல்மலை வாத்தியார்:

கொடைக்கானல் மேல்மலையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வாத்தியம் எதுவும் தெரியாது, ஆனால் பாட்டு கேட்காத நாள் கிடையாது.

காசுக்காகச் செய்த பாட்டு மட்டம், மனசுக்காகச் செய்த பாட்டு உசத்தி என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தைப்பூசத்துக்கு எங்கள் மலையடிவாரம் முழுக்க ஜனம் பழனிக்கு நடக்கிறது. வழியெல்லாம் ஒலிபெருக்கி. அதில் என்ன ஓடுகிறது? 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் பாடிய ‘பழம் நீயப்பா’. கே.வி. மகாதேவன் இசை. டிக்கெட் விற்று ஓட்டுவதற்காக எடுத்த படம்தான் அது. அந்தப் பாட்டை இன்றைக்குக் கால் கொப்புளத்தோடு நடக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடுகிறார். சினிமாவில் பிறந்த பாட்டு என்று அவர் ஒதுக்கி வைக்கவில்லை.

அதற்கும் முன்னால் போங்கள். காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் ஊற்றுமலை ஜமீன் ஆதரவில் இருந்தவர். கழுகுமலை முருகன் மேல் அவர் பாடியது காவடி எடுக்கிற சனங்களின் நடைக்கு ஏற்ற மெட்டு. படித்தவருக்கும் பிடித்தது, பாமரருக்கும் பிடித்தது. 26 வயதில் போய்விட்டார், பாட்டு இருக்கிறது. சோறு போட்டவர் ஒருவர் இருந்தார் என்பதால் அந்தப் பாட்டு கெட்டுப்போய்விடவில்லை.

இளையராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணைப்புரம் எங்களுக்குத் தெற்கே, மலையடிவார ஊர். அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தொழிலாளர்கள் நடுவில் போய் அவர் குழு பாடியது. சம்பாத்தியத்துக்காகப் பாடின பாட்டு இல்லை அது. அந்தக் குழுவில் வளர்ந்த தம்பிதான் 1976-இல் சினிமாவுக்கு வந்தார். அண்ணன் வழி சத்தியம், தம்பி வழி வியாபாரம் என்று பிரிக்க முடியுமா? வருஷத்துக்கு எத்தனையோ படங்களுக்கு இசையமைத்துக்கொண்டே 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஒரு ஆல்பம் போட்டு, தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மன் இசைமேதைக்கும் காணிக்கை ஆக்கினார். கதாநாயகன் கிடையாது, பாட்டு வரி கிடையாது. சினிமா கொடுத்த பேரும் காசும் இருந்ததால்தான் அப்படிச் செய்ய முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே குத்து பீட் போடலாமா என்று மிரளாதீர்கள். குத்தில் எத்தனையோ நல்ல பாட்டு உண்டு. பல்லவியை மாற்றச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. “சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு” என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதாம். கொடைக்கானலில் பூண்டு, உருளைக்கிழங்கு விற்கப் போகிறவனுக்குப் புரியும். உழவர் சந்தையில் தராசு முன்னால் நிற்கிற எவருக்கும் புரியும்.

தேயிலைக்காட்டுப் பேத்தி, கூடலூர்:

வாத்தியார் ஐயா சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன். ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. பாட்டு ஓடுகிறதா என்பதோடு, ஓடின பிறகு அதில் யார் பேர் இருக்கிறது, யாருக்குக் காசு போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

எங்கள் தாத்தா பாட்டி இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காக 1968-இல் அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்தது, அதுதான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் பாட்டி பாடின ஒப்பாரி, தாலாட்டு எல்லாம் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் “சிலோன்காரி” என்பார்கள். அந்தப் பேச்சும் பாட்டும் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தே வளர்ந்தோம்.

2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. பாடகர் அறிவு எழுதினார், அவரும் தீ என்ற பாடகியும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்தவர், பாட்டுக்குள் அவர் இருக்கிறார். எங்கள் லயத்தில் அன்றைக்குக் கைபேசியைச் சுற்றி மூன்று தலைமுறை நின்றது. ஆடுவதற்கு ஏற்ற பீட், அதில் எங்கள் வீட்டுக் கதை. விற்கிறதும் உண்மையாக இருக்கிறதும் ஒரே பாட்டில் முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், பெரிய விவாதம் ஆனது. 2022-இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியபோது அறிவு அங்கே இல்லை. யார் எழுதினார், யார் மெட்டமைத்தார் என்று இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் காணொளியில் வந்து, இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். யூடியூபில் 40 கோடிப் பார்வையைத் தாண்டிய பாட்டு!

யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. அவ்வளவு அனுபவம் உள்ளவர்களுக்கே இந்த நிலைமை என்றால், உங்களுக்கு வருகிற தாளை எவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டும் என்று யோசியுங்கள். நீங்கள் எல்லாரும் பீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் கவலை ‘நிரந்தரமாக எல்லா உரிமையும்’ என்ற வரியைப் பற்றி. குத்து பீட்டை அடுத்த பதிவில் எடுத்துவிடலாம். அந்த வரியை எடுக்க முடியாது.

சவுண்டு செட், ஊட்டி:

அம்மணி சொன்னது மனசில் பட்டது. ஆனாலும் கேட்கிறேன். இந்தப் பாட்டு எதுக்குக் கட்டினது? இலை போடுகிறவனின் கஷ்டம் வெளியே தெரியணும் என்றுதானே? ரிசார்ட்டில் நாற்பது பேர் கேட்டு என்ன ஆகப்போகிறது? கம்பெனி கையில் கொடுத்தால் லட்சம் பேர் கேட்பார்கள்.

மேல்மலை வாத்தியார்:

லட்சம் பேர் எதைக் கேட்பார்கள்? சாக்கும் ஈரமும் போன பிறகு அதில் இலை போடுகிறவன் எங்கே இருக்கிறான்? ஊட்டிக் குளிரையும் காதலையும் பாட ஆயிரம் பாட்டு இருக்கிறது. சனங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய சேதியை எடுத்துவிட்டு, சனங்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹட்டிக்காரி, கோத்தகிரி:

நான் படுகர். பாட்டுக் கட்டுகிறவள் இல்லை, பழைய பாட்டுகளைப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்து வைக்கிறவள். இங்கே யாரும் பேசாத ஒரு பக்கம் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் படுக மொழி பேசுகிறவர்கள் 1,33,550 பேர். ஊரே கேட்டாலும் எங்கள் பாட்டுக்குக் கேட்பவர்கள் அவ்வளவுதான். ஸ்பாட்டிஃபையில் 2024-இலிருந்து, ஒரு வருஷத்தில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. நான் ஏற்றி வைத்திருக்கிற பெரியவர்கள் பாட்டு பல அந்த எண்ணைத் தொடாது. அதற்காக அந்தப் பாட்டெல்லாம் தோற்றுப்போனதா? கல்யாண வீட்டில் வட்டமாக நின்று ஆடும்போது ஊரே பாடுகிறது. அங்கே யாரும் எண்ணுவது கிடையாது. பேரகணியில் எங்கள் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்குப் போய்ப் பாருங்கள், வெள்ளை உடுத்தி வந்து நிற்கிற கூட்டத்தை எந்தக் கம்பெனி திரட்டியது?

சில பாட்டு விற்பனைக்கே வரக்கூடாது என்றும் நினைக்கிறேன். எங்கள் சாவு வீட்டில் ‘கரு ஹரசோது’ சொல்வார்கள். இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதெல்லாம் நீங்கட்டும் என்று கேட்பது. அதைப் பின்னணி இசை போட்டு ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டார். கேட்கிறவருக்கு அது அழகான வரிகள். எங்களுக்கு ஒரு உயிர் வழியனுப்பப்படுகிற நேரம். மறுத்துவிட்டேன். நீலகிரிப் பழங்குடியான கோத்தர்களிடமும் இந்தக் கட்டு உண்டு. குழலில் தெய்வத்துக்கு வாசிப்பது தனி, ஆட்டத்துக்கு வாசிப்பது தனி, சாவுக்கு வாசிப்பது தனி. சாவுக்கான மெட்டை மற்ற நேரத்தில் எடுக்க மாட்டார்கள். எங்கள் பெரியவர்களின் சாவுக்கு ஒரு காலத்தில் கோத்தர்கள்தான் வந்து வாசித்தார்கள், அதற்குத் தானியம் போகும். கைமாறு இருந்தது, ஆனால் எந்த மெட்டு எங்கே என்பதைத் தானியம் கொடுத்தவர் முடிவு செய்யவில்லை.

குன்னூர்த் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் பாடகி என்ன சொல்கிறார்? இரண்டு பேர் சரி, இரண்டு பேர் முடியாது என்றீர்கள். அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர் எந்தப் பக்கம்?

குன்னூர் கீபோர்டு:

அக்கா, அவர்தான் பணத்தை வாங்கலாம் என்கிறார். எனக்கும் அது ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் இலைக் காசு நம்பி எதுவும் செய்ய முடியாத நிலை, தம்பி காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். “அந்த வரியை நான் தினமும் வாழ்கிறேன், அதைப் பாட்டில் வேறு காப்பாற்ற வேண்டுமா?” என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. முடியாது என்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு வேறு வேலை இருக்கிறது, இன்னொருவருக்கு வீடு சொந்தம். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஹட்டிக்காரி, கோத்தகிரி:

அப்படியென்றால் அவரை விட்டுவிட்டுக் கொள்கை பேசாதீர்கள். அவர் சொல்வதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ரெண்டாவது கிட்டார்:

இதைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கத்தரி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அவர் தம்பியின் ஃபீஸை நான் கட்டப் போவதில்லை என்பதும் உண்மை.

தாள் படிக்கிறவன், வெலிங்டன்:

ஒப்பந்தங்கள் படிக்கிற வேலை என்னுடையது. வாங்கலாம், வேண்டாம் என்ற இரண்டுக்கு நடுவில் சட்டம் நிறைய இடம் கொடுத்திருக்கிறது, அதை யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தை 2012-இல் திருத்தினார்கள். திரைப் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் பல வருஷம் கேட்டு வாங்கின திருத்தம்.

18-ஆம் பிரிவின்படி, ஒலிப்பதிவில் சேர்ந்த பாடல் வரிக்கும் இசைக்கும் வருகிற ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சம பங்கு உண்டு. அந்த உரிமையை வேண்டாம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. வாரிசுக்கும், வசூலித்துக் கொடுக்கிற காப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும்தான் மாற்றிக் கொடுக்க முடியும். ஆக, 60 ஆயிரம் கொடுத்தோம், கணக்கு முடிந்தது என்று அவர்கள் சொல்ல முடியாது. ஆனால் கேட்டு வாங்க வேண்டும். அப்படி வசூலித்துக் கொடுக்கிற ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உறுப்பினராகச் சேருங்கள். சேராதவருக்குத் தானாகப் பணம் தேடி வராது.

19-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது. எத்தனை வருஷத்துக்கு என்று தாளில் எழுதவில்லை என்றால் ஐந்து வருஷம்தான். எந்த இடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். அதனால்தான் அவர்கள் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்று மறக்காமல் எழுதுகிறார்கள். எழுதிவிட்டால் அது செல்லும். அந்த இரண்டு சொல்லுக்குத்தான் பேரம் பேச வேண்டும்.

57-ஆம் பிரிவு உங்கள் விவாதத்துக்கு ரொம்ப நெருக்கமானது. உரிமையை முழுசாக விற்ற பிறகும், இது நான் செய்தது என்று சொல்கிற உரிமை செய்தவரிடமே இருக்கும். பேருக்குக் கெடுதல் வருகிற மாதிரி படைப்பைச் சிதைத்தால் தடுக்கிற உரிமையும் இருக்கும். ஆனால் மாற்றத்துக்கு நீங்களே எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டு அப்புறம் சிதைத்துவிட்டார்கள் என்று போனால் வழக்கு நிற்பது கஷ்டம். எனவே பல்லவியை மாற்றலாமா என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் முடிவு செய்யுங்கள்.

தேயிலைக்காட்டுப் பேத்தி, கூடலூர்:

நன்றி சார். இதையெல்லாம் ஒவ்வொரு இசைக் குழுவும் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். வரி யார் பேரில், மெட்டு யார் பேரில் என்று குழுவுக்குள்ளேயே முதலில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு அதைப் பேச உட்கார்ந்தால் நட்பு போய்விடும்.

குன்னூர் கீபோர்டு:

நேற்று எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். பாடகியைத்தான் முதலில் பேசச் சொன்னோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: பீட்டை மாற்றட்டும், நீளத்தைக் குறைக்கட்டும், எனக்குக் கவலை இல்லை, காசு வேண்டும். ஆனால் வரியை நான் எழுதினேன் என்று என் பேர் வர வேண்டும், அப்படி வந்தால் காதலுக்கும் குளிருக்கும் என் பேரைப் போட மாட்டேன். அதாவது பல்லவி இருந்தால்தான் அவர் பேர் இருக்கும்.

கம்பெனிக்கு எழுதுவது இது. அவர்கள் கேட்கிற குத்து வடிவத்தை அவர்களுக்குச் செய்து கொடுக்கிறோம், ஐந்து விநாடியில் குரல் வரும். பல்லவி அப்படியே இருக்கும். கத்தரியோடு இருக்கிற எங்கள் பதிவு எங்களிடமே இருக்கும், அதை நாங்கள் எங்கேயும் போடலாம். உரிமை ஐந்து வருஷத்துக்கு. தொகையைக் குறைத்தால் 40 ஆயிரம் வரை இறங்குவோம், அதற்குக் கீழே இல்லை. வரியில் பாடகி பேர், மெட்டில் நானும் எங்கள் குழுவின் கிட்டாரிஸ்டும்.

சவுண்டு செட், ஊட்டி:

40 ஆயிரம் என்று முதலிலேயே சொல்லாதே தம்பி. 60-இல் நில்லு. அவர்கள் இறக்கட்டும், நீ இறக்காதே. ஒப்புக்கொள்ளாவிட்டால் சொல்லு, என்னிடம் இரண்டு கண்டென்சர் மைக் சும்மா கிடக்கிறது. வாடகை வேண்டாம், அடுத்த பாட்டை அதில் பதிவு செய்யுங்கள்.

ரெண்டாவது கிட்டார்:

கத்தரிப் பதிவு உங்களிடமே இருக்கிறது என்றால் எனக்குச் சம்மதம். அதை முதலில் வெளியிடுங்கள், குத்து வடிவம் பின்னால் வரட்டும். எது மூலம் என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

ஹட்டிக்காரி, கோத்தகிரி:

பாடகிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இலை போடுகிறவர்களில் எங்கள் ஆட்கள் நிறைய. இந்தப் பாட்டைப் படுகத்தில் பாட விருப்பம் இருந்தால் வரியை மாற்றி எழுத நான் உதவுகிறேன். காசு வருமா என்று தெரியாது, ஹட்டி ஹட்டியாக, அதாவது எங்கள் ஊர் ஊராகப் பாடுவார்கள்.

தாள் படிக்கிறவன், வெலிங்டன்:

அப்படியென்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் தனியாக அனுப்பிய நகலில் ஏழாவது பத்தியைப் பாருங்கள், ‘எல்லா மொழிபெயர்ப்பும் தழுவலும்’ அவர்களுக்கு என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ஐந்து பேரும் சின்னக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் படுகத்தில் பாடவும் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டிவரும்.